பெரிய படிகம் என்றால் மெதுவாகக் குளிர்ந்த பாறைதானா?

வாசகர் கேள்வி, ஜனவரி 6, மாலை

பாறைக்குழம்பு உறைந்து உருவாகும் தீப்பாறைகளைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே விதிதான் வருகிறது: மெதுவாகக் குளிர்ந்தால் பெரிய படிகம், வேகமாகக் குளிர்ந்தால் சிறிய படிகம். என்னிடம் உள்ளங்கை அளவில் ஒரு வெளிர் நிறக் கல் இருக்கிறது. அதன் ஒரு பாதி சர்க்கரையைப் போல நுண்மணிகளாக இருக்கிறது. மறுபாதியில் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிய ஃபெல்ட்ஸ்பார் கனிமப் படிகங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளிகூட இல்லை. ஒரே கல்லின் ஒரு பாதி வேகமாகவும் மறுபாதி மெதுவாகவும் எப்படிக் குளிர்ந்திருக்கும்?

பதில், ஜனவரி 6, இரவு

அவை ஒரே காலத்தில் குளிர்ந்தவை என்று ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? பெரிய படிகங்கள் உள்ள பகுதி முதலில் ஆழத்தில் இறுகியிருக்கும். பிறகு அதில் விரிசல் விழுந்து, புதிய பாறைக்குழம்பு புகுந்து, ஆறிப்போன சுவரைத் தொட்டதும் சட்டென்று உறைந்திருக்கும். எல்லைக்கோட்டைக் கைலென்ஸில் பாருங்கள். கத்தியால் வெட்டியது போல இருக்கும். விதிக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஜனவரி 7

நேற்றைய பதில் சுருக்கமாகப் போய்விட்டதால், அந்த விதி எங்கே நன்றாகப் பொருந்துகிறது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

டோலரைட் என்ற கரும்பாறையால் ஆன டைக் (விரிசலில் புகுந்த குழம்பு சுவர்போல உறைந்தது) ஒன்றின் குறுக்கே நடந்து பார்த்தவர்களுக்கு அதில் சந்தேகமே வராது. சுவரை ஒட்டிய விளிம்பில் பாறை கறுத்து, மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இறுக்கமாக இருக்கும். சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். உள்ளே செல்லச் செல்ல ஃபெல்ட்ஸ்பார் ஊசிகள் மெல்லத் தலைகாட்டும். நடுப்பகுதியில் அவற்றைக் கைலென்ஸ் இல்லாமலே எண்ணிவிடலாம். ஒரே குழம்பு, ஒரே வேதியியல், ஒரே நாளில் புகுந்தது. மாறியது குளிர்ந்த வேகம் மட்டுமே.

இதைச் சோதனையில் காட்டியவர் ஸ்காட்லாந்து நிலவியலாளர் ஜேம்ஸ் ஹால். கண்ணாடி உலையில் மெதுவாக ஆறவிட்ட கண்ணாடி ஒளி புகாத படிகக் கல்லாக மாறிப்போவதைப் பற்றிக் கேள்விப்பட்டவர், பசால்ட் என்ற கறுத்த எரிமலைப் பாறையின் வகையொன்றை உருக்கிப் பார்த்தார். விரைவாக ஆறவிட்டபோது கண்ணாடியும், மெதுவாக ஆறவிட்டபோது மீண்டும் கல்லும் கிடைத்தன. ஒரு சிறு மூசைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு பூமியின் பெருஞ்செயல்களுக்குத் தீர்ப்புச் சொல்வதை அவருடைய நண்பரும் மூத்த நிலவியலாளருமான ஜேம்ஸ் ஹட்டன் விரும்பியதில்லை. ஹட்டன் 1797இல் மறைந்தார். ஹாலின் சோதனைகள் 1798இல் அறிஞர் சபையில் வாசிக்கப்பட்டன. நட்புக்காகக் காத்திருந்தவர் என்று ஹாலைச் சொல்வார்கள்.

குளிரும் காலத்தைத் தோராயமாகக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு. தடிமனை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கத்தைப் பத்து லட்சத்தால் பெருக்கினால் வினாடிக் கணக்கு கிடைக்கும். பாறைக்குள் வெப்பம் பரவும் வேகத்திலிருந்து வரும் எண் அது. ஒரு மீட்டர் டைக்குக்குச் சுமார் 12 நாட்கள். ஒரு கிலோமீட்டர் தடிமனுக்குச் சுமார் 32,000 ஆண்டுகள். தடிமன் பத்து மடங்கானால் காலம் நூறு மடங்காகும். விளிம்பும் நடுவும் வேறுபடுவதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா என்ன?

ஜனவரி 9

வேண்டியிருக்கிறது. கேள்வி கேட்டவர் கைலென்ஸில் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்: எல்லை வெட்டியது போல இல்லையாம். பெரிய ஃபெல்ட்ஸ்பார் ஒவ்வொன்றும் நுண்மணிப் பகுதியின் விளிம்பில் குறுகலாகத் தொடங்கி, விலகிச் செல்லச் செல்ல விசிறியைப் போல அகலமாகிறதாம்.

அப்படியானால் 6ஆம் தேதி நான் எழுதியது தவறு, வரிசையே தலைகீழ். படிகம் குறுகிய முனையில் பிறந்து அகன்ற பக்கம் நோக்கி வளர்வது. நுண்மணிகள் முதலில் உறைந்திருக்கின்றன, பெரியவை அவற்றின் முதுகில் கால் ஊன்றி அதே குழம்புக்குள் வளர்ந்திருக்கின்றன. இடையில் விரிசலும் இல்லை, புதிய குழம்பும் இல்லை. கல்லைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதியதற்கு இது போதுமான தண்டனை.

ஜனவரி 10

படிகம் பெரிதாவதற்கு இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். முதலில் ஒரு கரு பிறக்க வேண்டும். பிறகு அது வளர வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுவதிலிருந்துதான் அந்த விதியின் சிக்கல் தொடங்குகிறது.

குழம்பு தன் உறைநிலைக்கு வந்தவுடனே படிகம் தோன்றிவிடுவதில்லை. சில அணுக்கள் தற்செயலாக ஒழுங்காகக் கூடினாலும், அந்தச் சிறு கூட்டத்துக்கு உடலைவிட மேற்பரப்பு அதிகம். மேற்பரப்பைப் பேணுவதற்கு ஆற்றல் செலவாகும் என்பதால் அது கலைந்துபோகும். குழம்பு உறைநிலைக்குக் கீழே கொஞ்சம் இறங்கிய பிறகுதான் கூடுவதில் கிடைக்கும் ஆதாயம் அந்தச் செலவை மிஞ்சும். இந்த இறக்கத்தை மிகைக்குளிர்வு என்று சொல்லலாம். சிறிதளவு மிகைக்குளிர்வில் கருக்கள் அரிதாகவே பிறக்கும், ஆனால் பிறந்தவை நன்றாக வளரும். மேலும் இறங்கினால் கருக்கள் கூட்டங்கூட்டமாகப் பிறந்து, இருக்கும் சரக்கைப் பங்கு போட்டுக்கொள்ளும். யாருக்கும் அதிகம் கிடைக்காது. அதற்கும் கீழே போனால் குழம்பு பாகாக இறுகி அணுக்கள் நகர முடியாமல் போய்விடும். பிறப்பும் நிற்கும், வளர்ச்சியும் நிற்கும், கிடைப்பது கண்ணாடி.

வளர்ச்சியின் உச்சமும் பிறப்பின் உச்சமும் ஒரே வெப்பநிலையில் வருவதில்லை என்பதுதான் முக்கியம். வளர்ச்சி முன்னதாகவே உச்சம் தொடும். பிறப்பு பின்னால் வரும். ஆகவே மணியின் அளவைத் தீர்மானிப்பது எத்தனை கருக்கள் போட்டியிட்டன என்பதே. எவ்வளவு காலம் கிடைத்தது என்பது அடுத்த கேள்வி. டைக்கில் விதி பொருந்துவதற்கும் காரணம் இதுதான்: விளிம்பில் குழம்பு ஆழ்ந்த மிகைக்குளிர்வுக்குள் தள்ளப்பட்டு ஏராளமான கருக்கள் பிறந்தன. குளிரும் வேகம் அங்கே கருக்களின் எண்ணிக்கை வழியாகத்தான் வேலை செய்தது.

படிகத்தின் உருவமும் இதைச் சொல்லும். கேரி லாஃப்கிரன் 1974இல் ஃபெல்ட்ஸ்பார் வகையான பிளாஜியோகிளேஸ் படிகங்களை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார். சிறு மிகைக்குளிர்வில் ஒழுங்கான தட்டுகள் கிடைத்தன. இறக்கம் கூடக்கூட அவை எலும்புக்கூடு போல உள்ளீடற்றவையாகி, பின்னர் மரக்கிளை போலக் கிளைத்து, கடைசியில் பூப்பந்தாக விரிந்த ஊசிகளாகின. அளவு மட்டும் பார்த்தால் இரண்டு படிகங்கள் சமமாக இருக்கலாம். உருவம் அவற்றின் அவசரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஜனவரி 10, இரவு

"கரு பிறப்பது" என்று எழுதியது உயிரியல் போல ஒலிக்கிறது என்று ஒருவர் குறைபட்டிருக்கிறார். வேறு சொல் வைத்திருந்தால் தாருங்கள், மாற்றிக்கொள்கிறேன். "உட்கருவாக்கம்" என்று எழுதிப் பார்த்தேன். வாக்கியமே மிகைக்குளிர்வுக்குப் போய்விட்டது.

ஜனவரி 12

எரிமலைக் கண்ணாடியான அப்சிடியனைப் பலரும் இங்கே விதிக்குச் சாட்சியாக இழுத்துவந்திருக்கிறார்கள்: "நொடியில் குளிர்ந்ததால் படிகமே இல்லை." சில அப்சிடியன் பாய்வுகள் பல பத்து மீட்டர் தடிமன் கொண்டவை. 30 மீட்டர் பாய்வு ஒன்றை 7ஆம் தேதிக் கணக்கில் போட்டுப் பாருங்கள்: 90 கோடி வினாடிகள், அதாவது கிட்டத்தட்ட 28 ஆண்டுகள். அதன் நடுப்பகுதி நொடியில் குளிரவில்லை. 28 ஆண்டுகளில் பசால்ட் குழம்பு கண்ணுக்குத் தெரியும் படிகங்களாக முழுவதும் மாறியிருக்கும். அப்சிடியனோ கண்ணாடியாகவே நிற்கிறது.

காரணம் சிலிக்கா. அப்சிடியனில் அது எடையில் 70 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். சிலிக்கனும் ஆக்ஸிஜனும் குழம்பிலேயே வலைபோலப் பின்னிக்கொண்டுவிடுவதால், அணுக்கள் இடம் மாறித் தங்கள் வரிசைக்குப் போய் நிற்பது பெரும்பாடு. நீர் கரைந்திருந்தால் அந்த வலையை ஆங்காங்கே அறுத்துக் குழம்பை இளக்கிவிடும். ஆனால் மேலே வரும்போது அழுத்தம் குறைந்து நீர் ஆவியாக வெளியேறிவிடுகிறது. வறண்ட, பிசுபிசுத்த குழம்பு படிகமாக நினைத்தாலும் முடியாது. அது என்றென்றைக்கும் அப்படியே இருப்பதும் இல்லை. காலப்போக்கில் கண்ணாடிக்குள்ளேயே சிலிக்காவின் படிக வடிவமான கிறிஸ்டோபலைட் வெள்ளைப் பூக்களாக முளைக்கத் தொடங்கும். மிகப் பழைய அப்சிடியன் அரிதாகக் கிடைப்பதற்கு அதுவே காரணம்.

ஜனவரி 13

திருத்தம். என் கணக்கில் ஓட்டை இருப்பதைச் சுட்டிக்காட்டியவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். டைக்கிலிருந்து வெப்பம் இரு சுவர்கள் வழியாகவும் வெளியேறுவதால் முழுத் தடிமனுக்குப் பதிலாகப் பாதியை வைத்துக் கணக்கிட வேண்டும். ஒரு மீட்டர் டைக்குக்கு 12 நாட்கள் என்றது ஏறத்தாழ 3 நாட்களாகிறது. அப்சிடியனுக்கு 28 ஆண்டுகள் என்றது 7 ஆண்டுகளாகிறது. இன்னொரு பக்கம், படிகமாகும்போது வெளிப்படும் உள்ளுறை வெப்பத்தை நான் சேர்க்கவில்லை. அது காலத்தைக் கூட்டும். எனவே இந்த எண்களை நாளா, ஆண்டா, ஆயிரம் ஆண்டா என்று பிரித்தறிய மட்டும் பயன்படுத்துங்கள். அப்சிடியன் வாதம் 7 ஆண்டுகளிலும் நிற்கிறது.

ஜனவரி 15

இதையெல்லாம் எந்த உறுதியில் சொல்கிறீர்கள், கல்லுக்குள் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். பார்த்திருக்கிறேன், பாறையியலில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

கல்லிலிருந்து ஒரு சிறு வில்லையை அறுத்து, ஒரு பக்கத்தைத் தேய்த்து வழவழப்பாக்கி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மறுபக்கத்தை 0.03 மில்லிமீட்டர் வரும்வரை தேய்க்க வேண்டும். தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லாத அளவு அது. அந்த நிலையில் கருங்கல்லும் ஒளி புகும் சன்னலாகிவிடும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹென்றி கிளிஃப்டன் சார்பி இப்படித் தேய்த்துப் பார்க்கத் தொடங்கியபோது, மலையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பதா என்று சிரித்தவர்கள் உண்டு.

இப்படி நான் முதலில் தேய்த்தெடுத்த சீவல் ஒரு கிரானைட். கார்போரண்டம் தூளை நீரில் குழைத்துக் கண்ணாடிப் பலகையில் பரப்பி, எட்டு வடிவத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தேன். எப்போது நிறுத்துவது என்பதைக் குவார்ட்ஸ்தான் சொல்லும். குறுக்கிட்ட முனைவாக்கிகளுக்கு (ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் இரு வடிப்பான்கள்) இடையில் வைத்துப் பார்த்தால், தடிமன் சரியாக இருக்கும்போது அது சாம்பலும் வெள்ளையுமாக மின்னும். தடிமன் கூடுதலாக இருந்தால் மஞ்சளேறும். என்னுடையதில் ஓரமாக ஒரு மஞ்சள் மணி விடாமல் கண்ணில் பட்டது. இன்னும் பத்துச் சுற்று தேய்த்தால் சரியாகிவிடும் என்று தேய்த்தேன். பத்துச் சுற்று முடிந்து எடுத்துப் பார்த்தபோது கண்ணாடித் தகட்டில் பசைதான் மிச்சம். மூன்று மணி நேர உழைப்பு சேறாக விரலில் ஒட்டியிருந்தது. சரிவாகத் தேய்த்திருக்கிறேன், ஒரு ஓரம் தடிமனாக இருந்தபோதே மறு ஓரம் கரைந்து போயிருக்கிறது.

இரண்டாவது சீவல் தப்பியது. அதில் ஃபெல்ட்ஸ்பார் மணிகளைப் பாதிக்குப் பாதி குவார்ட்ஸ் என்று எண்ணி எழுதினேன், ஏனெனில் இரட்டைப் படிகக் கோடுகள் தெரிந்தால்தான் அது ஃபெல்ட்ஸ்பார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கோடு போடாத ஃபெல்ட்ஸ்பாரும் உண்டு. அது பெரும்பாலும் மங்கலாக, தூசி படிந்த கண்ணாடி போலத் தெரியும், குவார்ட்ஸோ துடைத்து வைத்தது போல இருக்கும். இதைக் கற்றுத்தந்தவர் ஒரு சொல்கூடப் பேசாமல் என் ஏட்டில் பாதியை அடித்துவிட்டுப் போனார்.

அந்தச் சீவலில் நான் கவனிக்கத் தவறிய இன்னொன்று இப்போது நினைவுக்கு வருகிறது. ஒரு பெரிய ஃபெல்ட்ஸ்பாருக்குள் சிறு பயோடைட் (கறுப்பு மைக்கா) தகடுகளும் பிளாஜியோகிளேஸ் மணிகளும் வளையம் வளையமாகச் சிறைப்பட்டிருந்தன. பெரியது முதலில் பிறந்தது என்று அப்போது எழுதினேன். உள்ளே அடைபட்டவை அதற்கு முன்பே அங்கே இருந்தால்தானே அடைபட முடியும்?

ஜனவரி 16

நேற்றைய கடைசி வரியைத் தொடர்கிறேன். கிரானைட்டில் விரல் நீளத்துக்குக் கிடக்கும் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள் ஒரு பழைய தலைவலி. பெரியது ஆழத்தில் முதலில் மெதுவாக வளர்ந்தது, சிறியவை பிறகு வேகமாக வளர்ந்தன என்பது வழக்கமான கதை. பல எரிமலைப் பாறைகளுக்கு அந்தக் கதை சரி. ஆனால் கிரானைட் குழம்புகளைச் சோதனையில் உறையவைத்தால் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் வரிசையில் பின்னால்தான் வருகிறது. கடைசியாகப் பந்திக்கு வந்தவருக்கு எப்படிப் பெரிய இலை கிடைத்தது? கருக்கள் மிகச் சிலவே பிறந்தன என்பது ஒரு விடை. வெப்பநிலை ஏறியும் இறங்கியும் ஊசலாடியபோது சிறு படிகங்கள் கரைந்து பெரியவற்றின் மேல் படிந்தன என்பது இன்னொன்று. கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் உள்ள கிரானைட் வகைப் பாறைகளை வைத்து இந்த வழக்கு இன்னும் நடக்கிறது. என் சாய்வு இரண்டாவது பக்கம்.

ஜனவரி 18

வேகமாகக் குளிர்ந்தும் பெரிதாக வளர்ந்த படிகம் ஒன்றைக் காட்டுங்கள் என்று சவால் வந்திருக்கிறது.

கொமாட்டியைட். தென்னாப்பிரிக்காவின் கொமாட்டி ஆற்றை வைத்து 1969இல் வில்யோன் சகோதரர்கள் பெயரிட்ட லாவா. பெரும்பாலும் 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. மக்னீசியம் மிகுந்து, ஏறத்தாழ 1,600 பாகை செல்சியஸில் வெளிவந்து, நீராக ஓடியது. இன்றைய பசால்ட் லாவா 1,200 பாகையைத் தாண்டுவதே அரிது. அந்தப் பாய்வுகளின் மேற்பகுதியில் ஒலிவின் என்ற பச்சைக் கனிமத்தின் தகடுகள் புல் கற்றை போலக் குறுக்கும் நெடுக்குமாக நிற்கின்றன. ஆஸ்திரேலியப் புல் ஒன்றின் பெயரால் அந்த அமைப்பை ஸ்பினிஃபெக்ஸ் என்கிறார்கள். சில இடங்களில் ஒரு தகடு ஒரு மீட்டர் நீளம் வரும். மேலே உறைந்த ஓட்டுக்குச் சற்றுக் கீழே, வேகமாகக் குளிர்ந்த பகுதியில்தான் அது கிடைக்கிறது. மெதுவாகக் குளிர்ந்த கீழ்ப்பகுதியில் ஒலிவின் சிறு சிறு மணிகளாக அடுங்கிக் கிடக்கிறது. பாடப்புத்தக விதி அப்படியே கவிழ்ந்து கிடக்கும் இடம் அது. கருக்கள் குறைவு, குழம்பு இளக்கம், அணுக்களுக்கு ஓட்டம் எளிது: மூன்றும் சேர்ந்தால் போதும்.

ஜனவரி 18, சில நிமிடங்கள் கழித்து

"அடுங்கி" என்பதை "அடுங்கி" என்றே வைத்திருக்கிறேன் என்று எண்ண வேண்டாம். அது "அடங்கி"யும் அன்று, "அடுக்கி"யும் அன்று, அடர்ந்து கிடப்பதைச் சொல்ல வந்து விரல் தவறியது. "அடர்ந்து" என்று படியுங்கள்.

ஜனவரி 21

மெதுவாக வளர்ந்து பெரிதாவதும் பொய்யில்லை. மெக்சிகோவின் நைக்கா சுரங்கத்தில் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட குகையில் ஜிப்சம் படிகங்கள் 11 மீட்டர் நீளம் வரை இருக்கின்றன. அவை குழம்பிலிருந்து வந்தவை அல்ல. 55 பாகையை ஒட்டிய சுடுநீரில் வளர்ந்தவை. நீர் ஜிப்சத்தால் நிறைவு எய்திய நிலையைச் சற்றே தாண்டி அப்படியே நெடுங்காலம் நின்றது. புதுக் கரு பிறக்க அந்த அளவு போதவில்லை. இருந்தவை வளரப் போதுமானதாக இருந்தது. வளரும் வேகத்தை அளந்தவர்கள், ஒரு மீட்டர் தடிமனான படிகத்துக்குச் சுமார் பத்து லட்சம் ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதன் பக்கத்தில், மிகப் பெரிய படிகங்கள் கொண்ட கிரானைட் வகைப் பாறையான பெக்மடைட்டை வைத்துப் பாருங்கள். தென் டக்கோட்டாவின் எட்டா சுரங்கத்தில் 12 மீட்டரைத் தாண்டிய ஸ்போடுமீன் (லித்தியம் கொண்ட கனிமம்) படிகம் இருந்தது. நீண்ட காலம், பெக்மடைட் என்றாலே மிக மிக மெதுவாகக் குளிர்ந்தது என்றுதான் எழுதிவந்தார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் கலிபோர்னியாவின் சான் டியேகோ பகுதியில் விரல் நீளத் துர்மலின்களைத் தரும் பெக்மடைட் டைக்குகள் சிலவற்றின் தடிமன் ஓரிரு மீட்டர்தான். திருத்திய கணக்கின்படி இரண்டு மீட்டர் டைக்குக்கு ஏறத்தாழ 12 நாட்கள். தாராளமாக உள்ளுறை வெப்பத்தைச் சேர்த்தாலும் மாதங்களைத் தாண்டாது.

நைக்காவுக்குப் பத்து லட்சம் ஆண்டுகள், பெக்மடைட்டுக்குச் சில வாரங்கள். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது கருக்களின் பஞ்சம் மட்டுமே.

ஜனவரி 22

"அப்படியானால் படிகம் ஒரு வாரத்தில் எவ்வளவுதான் வளரும்?" நல்ல கேள்வி. ஹவாயின் மக்காவோபுஹி எரிமலைக் குழியில் 1965இல் நிரம்பிய லாவா ஏரியைத் துளையிட்டு, வெவ்வேறு ஆழங்களில் எடுத்த மாதிரிகளில் படிகங்களை அளவு வாரியாக எண்ணிப் பார்த்தார்கள். அளவையும் எண்ணிக்கையின் மடக்கையையும் வரைந்தால் ஏறத்தாழ நேர்கோடு வரும். அதன் சரிவு வளர்ச்சி வேகத்தையும் காலத்தையும் சேர்த்துச் சொல்லும். ஏரி குளிர்ந்த காலம் தெரியும் என்பதால் வேகத்தைப் பிரித்தெடுக்க முடிந்தது. பிளாஜியோகிளேஸுக்குக் கிடைத்தது வினாடிக்கு ஒரு சென்டிமீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கை ஒட்டிய வேகம். கேட்கச் சிறியது. ஓர் ஆண்டுக்குப் பெருக்கினால் 0.03 மில்லிமீட்டர், அதாவது ஒரு சீவலின் தடிமன். ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 300 ஆண்டுகள் போதும்.

ஒரு பெரிய கிரானைட் உடல் குளிர்ந்து முடிக்கப் பல்லாயிரம் ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். அந்த வேகத்தில் ஒவ்வொரு மணியும் மீட்டர் கணக்கில் வளர்ந்திருக்க வேண்டும். வளரவில்லை, ஏனெனில் பக்கத்து மணி இடித்துக்கொண்டு நிற்கிறது. காலம் மிஞ்சிக் கிடந்தது. இடமும் சரக்கும்தான் தீர்ந்துபோயின.

பெக்மடைட் இந்த வேகத்தில் வளர்ந்திருக்க முடியாது என்பதும் இதே கணக்கிலிருந்து வருகிறது. அங்கே வளர்ச்சி பல ஆயிரம் மடங்கு வேகமாக நடந்திருக்க வேண்டும். இது என்னை இன்னும் உறுத்துகிறது.

ஜனவரி 25

பளிங்கைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். பேச்சு தீப்பாறை பற்றியது என்றாலும், இது பொருந்தும். சுண்ணாம்புக்கல் ஆழத்தில் சூடேறிப் பளிங்காகும்போது எதுவும் உருகுவதில்லை. திண்ம நிலையிலேயே சிறு கால்சைட் மணிகள் கரைந்து பெரியவற்றுக்கு இடம் விடுகின்றன, மொத்த மேற்பரப்பு குறைய வேண்டும் என்பதற்காக. நன்றாக வெந்து முடிந்த பளிங்கின் சீவலில் மூன்று மணிகள் கூடும் முச்சந்திகள் ஏறத்தாழ 120 பாகையில் பிரியும். சோப்பு நுரைக் குமிழிகளும் அதே கோணத்தில்தான் கூடுகின்றன. அங்கே மணியின் அளவு வெந்த காலத்தையும் வெப்பத்தையும் சொல்கிறது. குளிர்ந்த வேகத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை.

இதே கேள்வியைச் சார்னோகைட் என்ற பாறையிடமும் கேட்கலாம். கொல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லில் இருந்த பாறையும் சென்னைக்கு அருகே பரங்கிமலையில் கிடைக்கும் பாறையும் ஒன்று என்று கண்ட தாமஸ் ஹாலண்ட், 1893இல் அந்தப் பெயரை வைத்தார். அவர் அதைக் குழம்பிலிருந்து உறைந்த பாறை என்றே கருதினார். பின்னால் வந்தவர்களில் பலர், அது நிலமேலோட்டின் அடியில் 700 பாகைக்கு மேலான சூட்டில், நீர் வற்றி, கார்பன் டைஆக்ஸைடு ஊடுருவி, திண்ம நிலையில் மாறிய பாறை என்றார்கள். கர்நாடகத்தின் கப்பல்துர்காவில் சாம்பல் நிற நைஸ் பாறைக்குள் எண்ணெய்ப் பசுமையான சார்னோகைட் திட்டுத்திட்டாகப் படர்ந்திருப்பது அவர்களுடைய சாட்சி. குழம்பாகவே வந்த சார்னோகைட்டுகளும் உண்டு. பெயர் ஒன்று, பிறவி இரண்டு. கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் பெரிய மணிகள்தான்.

ஜனவரி 29

இனி முதல் கல்லுக்கு வருகிறேன். கேட்டவர் அதை அறுத்து, நீரில் நனைத்துப் பார்த்து விவரம் அனுப்பியிருக்கிறார். பெரிய ஃபெல்ட்ஸ்பாருக்குள் சாம்பல் நிறக் குவார்ட்ஸ் கோணல்மாணலான கீறல்களாக ஓடுகிறதாம். பழங்காலக் கல்வெட்டைப் பார்ப்பது போல இருக்கிறதாம். தமிழி எழுத்து என்று யாரும் வாசிக்கக் கிளம்பிவிட வேண்டாம்: அது எழுத்துக் கிரானைட். ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் ஒருசேர வேகமாக வளர்ந்தபோது ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்ட அமைப்பு. மெதுவாக வளர்ந்திருந்தால் இரண்டும் தனித்தனி மணிகளாகப் பிரிந்திருக்கும்.

ஆக, உங்களிடம் இருப்பது நுண்மணிப் பாறையான அப்லைட்டும் பெருமணிப் பெக்மடைட்டும் ஒட்டிப் பிறந்த கல். இரண்டுக்கும் கனிமங்கள் ஏறத்தாழ ஒன்றே. 1969இல் ஜான்ஸும் பர்ன்ஹாமும் சொன்ன விளக்கம் இது: கரைந்திருந்த நீர் குழம்பிலிருந்து தனி ஆவியாகப் பிரிந்தது, ஆவி சேர்ந்த இடத்தில் அணுக்கள் எளிதாக ஓடிப் பெரிய படிகங்கள் வளர்ந்தன, நீரை இழந்த குழம்பு அப்லைட்டாக உறைந்துபோனது. பெக்மடைட் ஆய்வாளர் டேவிட் லண்டன் இதை ஏற்கவில்லை. தனி ஆவியே தேவையில்லை என்பது அவர் கட்சி. குழம்பு ஆழ்ந்த மிகைக்குளிர்வுக்குப் போன பிறகுதான் படிகமாகத் தொடங்குகிறது. வளரும் படிகம் ஏற்காத போரான், ஃபுளூரின், பாஸ்பரஸ், நீர் எல்லாம் அதன் முகத்துக்கு முன்னால் மெல்லிய படலமாகச் சேர்கின்றன. அந்தப் படலம் உலோக வேலையில் இடும் வெண்காரம் போலக் குழம்பை இளக்கி, புதுக் கரு பிறப்பதைத் தடுத்து, இருப்பவற்றை ஓட்டமாக வளரவிடுகிறது. 22ஆம் தேதி என்னை உறுத்தியதற்கு இதில் விடை இருக்கிறது. நான் இந்தப் பக்கம் சாய்கிறேன், எழுத்து அமைப்பும் விசிறி உருவமும் ஆழ்ந்த மிகைக்குளிர்வைக் காட்டுவதால்.

6ஆம் தேதிப் பதிலை அழிக்கவில்லை. அது அங்கேயே இருக்கட்டும்.

பிப்ரவரி 2

கல்லின் நுண்மணிப் பாதியில் எல்லைக்கு இணையாகச் சிவந்த புள்ளிகள் கோடு கோடாக இருக்கின்றன என்று புதுத் தகவல் வந்திருக்கிறது. கார்னெட் என்ற கனிமமாக இருக்க வேண்டும். சான் டியேகோ டைக்குகளின் அப்லைட்டில் இதே போல வரி வரியாகக் கார்னெட் வரும், அங்கே வரிகள் டைக்கின் கீழ்ப்பாதியிலும் பெரிய படிகங்கள் மேல்பாதியிலும் இருப்பது வழக்கம். அதனால் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கேட்டிருந்தேன். கற்குவியலிலிருந்து பொறுக்கியது, தெரியாது என்கிறார்.

எந்தத் திசையில் வளர்ந்தது என்பதைக் கல் சொல்கிறது. மேல் எது, கீழ் எது என்பதைக் குவியலில் விட்டுவிட்டு வந்திருக்கிறது. அறுத்த மறுபாதியிலிருந்து ஒரு சீவல் செய்யச் சொல்லியிருக்கிறேன், எல்லைக்குச் செங்குத்தாக. தேய்க்கும்போது நடுநடுவே நான்கு ஓரங்களையும் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான்.